இரண்டு வெள்ளைக் கோடுகள்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கார் ஷெட்டில் இருந்தவர்கள்: பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்; பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்த, எந்த வண்டியையும் ஓட்டத் தெரியாத, எல்லா வண்டியைப் பற்றியும் பேசத் தெரிந்த அவளுடைய அப்பா; இரவு வேலைக்குப் போவதால் மாமனார் ராக்கோழி என்று பட்டப்பெயர் வைத்த அவளுடைய கணவன். பேட்டரிக் கடைக்கார அக்கா இன்னும் வந்து சேரவில்லை. இருந்தாலும் அவளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் ராக்கோழியின் மண்டைக்குள் இருந்தது அவள் ஒருத்திதான்.

செத்துப்போன கார் ஒன்றும் இருந்தது.

மனைவி சாவியைத் திருகினாள். டிக். மறுபடி திருகினாள். டிக், டிக். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்குகள் மினுக்கிவிட்டு அணைந்தன.

"இருமுது, அவ்வளவுதான்," என்றார் மாமனார். "இது எஞ்சின் இல்ல. நாப்பது வருஷம் சுருட்டுப் பிடிச்ச நெஞ்சு."

"சும்மா இருங்கப்பா. திங்கக்கிழமை எட்டு மணிக்கு எனக்கு டெஸ்ட்டு."

"மூணாவது டெஸ்ட்டுன்னு சொல்லு. உன்ன விட எனக்கு அந்த இன்ஸ்பெக்டரைத்தான் பாவமா இருக்கு."

அவள் சாவியை உருவிக்கொண்டாள். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்திருந்தாள். இரண்டாவது தடவை மேட்டில் நான்கு முறை வண்டி அணைந்துபோனது. இந்த முறையும் தவறினால் பழகுநர் உரிமத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சொந்த வண்டியில் ஓட்டிக் காட்டலாம் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். இந்தக் காரின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று அவள் காலுக்குத் தெரியும்.

"பேட்டரியை நான் கழட்டிக் கடைக்குக் கொண்டு போறேன்," என்றான் ராக்கோழி. "நீங்க ரெண்டு பேரும் மேல போங்க."

"எதுக்கு? ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்திருக்கீங்க, போய்ப் படுங்க. பேட்டரி அக்காவுக்கு போன் பண்ணிட்டேன். பத்தரைக்குள்ள சார்ஜரோட இங்கயே வந்துடுவாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி நிற்பானோ அப்படி நின்றான்.

அவன் ராத்திரி முழுக்க எங்கேயும் நிற்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தான். இதே காரில், இதே ஷெட்டில், ஷட்டரை இறக்கிவிட்டு. அவன் வேலையை விட்டு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. யாரும் துரத்தவில்லை. தானாகத்தான் விட்டான். விட்டதை வீட்டில் சொல்ல முதல் நாள் வாய் வரவில்லை. இரண்டாம் நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பத்தாம் நாள் அது மலையாகிவிட்டது. கணக்கு முடித்துக் கொடுத்த தொகை சம்பளம் போலவே வீட்டுக்கு வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவான். மாடி விளக்கு அணையும்வரை நான்கு தெரு சுற்றுவான். பிறகு எண்ணெய் போட்டு வைத்திருந்த ஷட்டரைச் சத்தமில்லாமல் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, ஊர்ந்து உள்ளே போவான். எட்டு மணி நேரத்துக்கு ஒரு கூரை வேண்டும். வேறு கூரை அவனுக்குத் தெரியவில்லை.

ரேடியோவை முணுமுணுக்க விட்டு, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, புழுக்கம் தாங்காதபோது சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒரு குட்டி மின்விசிறியைச் செருகிக்கொள்வான். எஞ்சினை ஓட்ட முடியாது. மூடிய ஷெட்டில் ஓட்டினால் புகையில் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான். மேலே தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். மாலையில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனைவி அரை மணி நேரம் ஓட்டிப் பழகுவாள். அதில் ஏறுகிற சார்ஜ், இரவில் அவன் இறக்குவதற்குப் போதவில்லை. இரண்டு தடவை பேட்டரி படுத்துவிட்டது. இரண்டு தடவையும் மனைவி வேலைக்குப் போன பிறகு, இடி விழுந்தாலும் கலையாத மாமனாரின் மதியத் தூக்கத்தில், காய்கறி வாங்கும் சக்கரப் பையில் பேட்டரியை வைத்து இழுத்துப்போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தான். லைட்டை அணைக்க மறந்துவிட்டதாகச் சொன்னான். இரண்டாவது தடவை பேட்டரி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு தடவ மறந்தா அது லைட்டு தம்பி. ரெண்டு தடவ மறந்தா அது ஆளு," என்றாள்.

அவள் இப்போது இங்கே வருகிறாள்.

"அக்கா எதுக்கு?" என்றான். "எதிர்வீட்டு வேன்ல இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. அவங்களுக்கு போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடு."

"அதத்தான் நானும் காலைலேர்ந்து சொல்றேன்," என்றார் மாமனார். "மாப்பிள்ளைக்கு இன்னிக்குத்தான் முதல் தடவையா புத்தி வேலை செய்யுது."

"ஸ்டார்ட் ஆகி என்ன பண்றது? நான் நாலு தடவ அணைப்பேன். நாலு தடவயும் அது மறுபடி ஸ்டார்ட் ஆகணும். அங்க யாரு வேனோட வந்து நிப்பா?"

அவள் சொன்னது சரி. அதனால் அவன் காதில் வாங்கவில்லை.

எதிர்வீட்டு வேன்காரன் சாவியையும் வயரையும் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். ராக்கோழி வேனைக் கொண்டுவந்து காருக்கு மூக்கோடு மூக்கு நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்து, கார்ப் பக்கம் முதலில் மாட்டி, பிறகு வேனுக்கு வருவது நிதானமாக இருப்பவன் செய்கிற வேலை. அவன் வேன் பக்கம் இரண்டு கிளிப்பையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, மறுமுனைகள் இரண்டும் மாமனாரின் கைகளில் இருந்தன. நண்டுக் கொடுக்குகளைப் போல அவற்றைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுங்க மாமா, நான் மாட்டுறேன்."

"போங்க மாப்பிள்ளை. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் கறுப்பு. இந்த வண்டி வாங்கின அன்னிக்கே பாத்து வச்சவன் நான்."

கண்ணாடியை மேலே மறந்துவிட்டு வந்திருந்ததால், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக் குனிந்தார். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்ததில் குறிகள் தெரியவில்லை. காரின் வயர்கள் இரண்டும் ஒரே கறுப்பு நாடா சுற்றியவை. இடது முனையை நோக்கிச் சிவப்புக் கிளிப்பைக் கொண்டுபோனார்.

இடது முனை மைனஸ்.

அது ராக்கோழிக்கு மட்டும் தெரியும். ஆறு நாள் முன்பு அவன்தான் பேட்டரியைத் திருப்பி வைத்தான். ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏற்றும்போதும் பேட்டரி அக்கா அதன் பக்கவாட்டில் எனாமல் பெயின்டால் ஒரு வெள்ளைக் கோடு இழுப்பாள். அது அவள் கடை வழக்கம். கோட்டைச் சுரண்டினால் வாரண்டி கிடையாது. இரண்டு கோடுகளும் பானெட்டைத் திறந்தால் முகத்துக்கு நேராகத் தெரிந்தன. மனைவியோ டெஸ்ட்டில் கேள்வி கேட்பார்கள் என்று அடிக்கடி பானெட்டைத் திறந்து எது எது எங்கே என்று பார்க்கிறவள். கோடு எஞ்சின் பக்கம் போகும்படி திருப்பி வைத்து, வயர்களை முறுக்கி இழுத்து, எட்டுகிற அளவுக்கு எட்டவைத்துச் சரியாகவே பூட்டினான். பெரிய சாமர்த்தியம் என்று அன்று நினைத்துக்கொண்டான்.

இப்போது கத்த வேண்டும். கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அவன் கத்தவில்லை. பொறி பறக்கும், கிழவர் பயந்து கையை எடுப்பார், வேன் வயர் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். இவ்வளவையும் நினைக்க நேரம் இருந்தது. பிறகு அந்த நேரத்தைப் பல தடவை அளந்து பார்த்திருக்கிறான். ஒரு நொடிக்குக் குறைவே இல்லை.

பிறகு மாமனாரின் மூக்கு நுனியைப் பார்த்தான். பேட்டரி மூடிக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. வயரைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தான்.

"மாமா, அது மைனஸ்!"

கிளிப்புகள் கிழவரின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தன. தரையில் விழும் முன் இரண்டு வாய்களும் ஒன்றையொன்று தொட்டன. பட்டென்று ஒரு வெடிப்பு. நீலமாக ஒரு பொறி. கிளிப்பின் பற்களில் இரண்டு உருகிக் கருகின.

வேன் எஞ்சின் மட்டும் தனக்கென்ன என்று ஓடிக்கொண்டிருந்தது. மனைவி போய் அதை அணைத்தாள்.

"என்ன மாப்பிள்ளை இது?" மாமனாரின் குரலில் காற்று மட்டும் இருந்தது. "இடது பக்கம் பிளஸ்தான். எனக்குத் தெரியும்."

மனைவி போனை எடுத்தாள். இரண்டு மாதம் முன்பு பாகங்களை மனப்பாடம் செய்ய எடுத்த படம் அதில் இருந்தது. படத்தைப் பார்த்தாள். பேட்டரியைப் பார்த்தாள். பல்லுக்குப் பல் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் பார்க்கும் கண் அது.

"அப்பா சொல்றது சரி. அப்ப இடது பக்கம்தான் இருந்துச்சு. யாரு திருப்புனா?"

ராக்கோழி வேன் பக்கத்துக் கிளிப்புகளைக் கழற்றப் போனான்.

"யாரு திருப்புனான்னு கேட்டேன்."

அந்த நேரத்தில் பேட்டரி அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையில் ஆசிட் தெறித்துத் தெறித்துச் சல்லடை போல ஓட்டைகள். முதலில் கருகிய கிளிப்பைப் பார்த்தாள்.

"எந்த மகராசன் உயிருள்ள பேட்டரியில முதல்ல வயர மாட்டினது?"

மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்லது. எல்லாருக்கும் கண்ணு இருக்குல்ல? எண்ணிப் பாத்துக்கோங்க. இது காலியான பேட்டரிதானேன்னு நினைப்பாங்க. உள்ள வாயு இருக்கும். ஒரு பொறி போதும், மூடி பேந்து மூஞ்சில ஆசிட் அடிக்கும்."

ஷட்டரை உச்சிவரை தூக்கச் சொன்னாள். பாதி திறந்தால் போதாதா என்று மாமனார் கேட்டதற்கு, "வாயு உங்ககிட்ட கேட்டுட்டா வெளிய போகும், ஐயா?" என்றாள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து முனைகளில் ஊற்றினாள். நுரைத்து வழிந்த பிறகு துணியால் துடைத்தாள். முதலில் மைனஸ் வயரைக் கழற்றினாள், பிறகு பிளஸ். முறுக்கி இழுபட்டிருந்த வயரைக் கையில் வைத்துப் பார்த்தாள். ராக்கோழியை ஒரு தடவை பார்த்தாள். பேட்டரியைத் தூக்கிப் பலகை மேல் வைத்தாள்.

கோடுகள் மனைவியின் முகத்துக்கு நேராக இருந்தன.

"இது என்னக்கா?"

"நான் போட்டது. சார்ஜ் ஏத்தினா ஒரு கோடு."

"ரெண்டு இருக்கு."

"அப்ப ரெண்டு தடவ."

"யாரு கொண்டு வந்தா?"

"அதெல்லாம் கோடு சொல்லாதும்மா," என்று பேட்டரி அக்கா குனிந்துகொண்டாள். மூடிகளைத் திறந்து, தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டாள். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதே முக்கால் காட்டியது. நிமிர்ந்தாள்.

"தம்பி, இப்ப நான் கேக்குறதுக்கு உள்ளதச் சொல்லணும். கடையில சொன்ன கதை இங்க வேணாம். ஒரு நாள் லைட்ட மறந்து காலியானதுன்னா நாலு ஆம்பியர்ல போட்டுட்டு நான் கிளம்பிடுவேன். தினம் அடிமட்டம் வரைக்கும் இறக்கினதுன்னா தகடு உள்ள வெள்ளை பூத்துக் கிடக்கும். அது கரண்ட்ட வாங்காது, சூட்டத்தான் வாங்கும். நாலுல போட்டா கொதிச்சு வீங்கும். நான் போயிடுவேன், இங்க இருக்கப்போறது நீங்க மூணு பேரு. சொல்லுங்க. எப்படிக் காலியாச்சு?"

பொய் அவன் வாய் வரைக்கும் வந்து நின்றது. மாமனார் தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிப்பு பிடுங்கிக்கொண்டு வந்ததில் தோல் கொஞ்சம் வழன்றிருந்தது.

"ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும்," என்றான் ராக்கோழி. "ரேடியோ, உள்லைட்டு. சில நாள் ஃபேனு."

"எத்தன நாளா?"

"நாப்பத்தொண்ணு."

"ரெண்டரை ஆம்பியர்," என்றாள் பேட்டரி அக்கா, அது மட்டும்தான் விஷயம் என்பது போல. சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் பிடிக்க வைத்து, ஆட்டிப் பார்த்து, அதற்கு அப்புறம்தான் சுவரில் சுவிட்சைப் போட்டாள். "ராத்திரி ஒம்பது வரைக்கும் ஏறட்டும். மணிக்கு ஒரு தடவ பக்கவாட்டுல தொட்டுப் பாக்கணும். கை தாங்காத சூடுன்னா நிறுத்திடுங்க. நிறுத்தும்போது முதல்ல சுவிட்ச், அப்புறம்தான் கிளிப்பு. மாத்திச் செய்யக் கூடாது. பக்கத்துல நெருப்பு வேணாம். ஐயா, உங்க சட்டப் பையில இருக்குற தீப்பெட்டியும் சேத்துத்தான் சொல்றேன்."

போகும்போது ராக்கோழியிடம் தாழ்ந்த குரலில், "கோட்ட மறைக்கத் திருப்பி வச்சீங்களா? இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒருத்தன நான் பாத்ததில்ல," என்றாள். பாராட்டு மாதிரிதான் இருந்தது.

மாமனார் மெல்ல மாடி ஏறினார். ஐந்தாவது படியில் நின்று, "ராக்கோழின்னு நான் பேர் வச்சது சரியாத்தான் இருக்கு. கூண்டு எங்கன்னுதான் தெரியாமப் போச்சு," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மனைவி தன் பயிற்சி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

"மணிக்கு ஒரு தடவ தொட்டுப் பாத்து எழுதி வை."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவனை ஒருமையில் பேசினாள். தாளை வாங்கியதும் அவன் முகம் மாறியது.

"என்ன?"

"இதே மாதிரி ஒரு தாளாலதான் விட்டேன்."

குளிர்கிடங்கில் அவன் வேலையே அதுதான். மணிக்கு ஒரு தடவை ஆறு அறைகளுக்கும் போய் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தாளைப் பார்த்தால் காலை ஆறு வரைக்கும் எழுதி முடித்திருந்தது. எல்லாக் கட்டத்திலும் மைனஸ் பதினெட்டு. அவன் கையெழுத்துதான். எப்போது எழுதினான் என்று அவனுக்கு நினைவில்லை. பழைய தாள்களைப் புரட்டினான். பல வாரமாக அப்படித்தான் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்ததாகவே தெரியவில்லை. எந்தச் சரக்கும் கெடவில்லை. யாரும் கேட்கவில்லை.

"நான் அங்க இருந்தாலும் அதே மைனஸ் பதினெட்டு, இல்லாட்டியும் அதேதான். அடையாள அட்டைய மேசையில வச்சுட்டு வந்துட்டேன்."

"வந்து என்ன செஞ்ச? இங்க உக்காந்து அதையேதான செஞ்ச?"

அவன் தாளை இரண்டாக மடித்தான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "நாப்பத்தொரு ராத்திரியும் நான் நல்லாத் தூங்கினேன். நீ கஷ்டப்படுறேன்னு நினைச்சு மனசு கொஞ்சம் அடிச்சுக்கும், இருந்தாலும் தூங்கிடுவேன். அதுதான் இப்ப எரியுது. ஷெட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவுல பதினாலு படி. ஏறி வந்து எழுப்பியிருக்கலாம்."

"எழுப்பி?"

"திட்டியிருப்பேன். அப்புறம் காலைல ரெண்டு பேரும் எந்திரிச்சு ஏதாவது பண்ணியிருப்போம். பேட்டரியத் திருப்பி வச்சிருக்க மாட்டோம்." புடவை மடிப்பைத் தட்டிவிட்டாள். "எங்கப்பாவுக்குக் கண்ணு போயிருக்கும். நீ உடனே கத்தல. பாத்துட்டுதான் இருந்தேன்."

அவன் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மாடிக்குப் போய்விட்டாள்.

அவன் பேட்டரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. இவ்வளவு நாள் அவன் ஒளிந்திருந்த இடத்தைத் தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேன்காரன் வந்து கருகிய கிளிப்பைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னான். கேட்டுக்கொண்டான். பதினொன்றரைக்குத் தொட்டான்: சில். பன்னிரண்டரை: சில். ஒன்றரை: லேசான வெதுவெதுப்பு. இரண்டரைக்குத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி இறங்கி வந்தாள். தாளைப் படித்தாள். பிறகு குனிந்து தானும் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பிப் போனாள். நாலரைக்கும் அப்படியே வந்து தொட்டுப் பார்த்தாள். ஆறரைக்கும் வந்தாள். எட்டரைக்கு வந்தபோது தாளைப் படிக்காமல் முதலில் தொட்டுவிட்டு, "என்ன எழுதியிருக்க?" என்று கேட்டாள்.

"வெதுவெதுப்பு. கை தாங்குது."

"ம்."

ஒன்பது மணிக்குச் சுவரில் சுவிட்சை அணைத்தான். பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. அரை மணி நேரம் ஆற விட்டு, அக்கா விட்டுப்போயிருந்த மீட்டரை வைத்தான். பன்னிரண்டரை காட்டியது. பேட்டரியைப் பழைய பக்கமே திருப்பி, கோடுகள் முகத்துக்குத் தெரிய, அதன் இடத்தில் இறக்கினான். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வயர் தளர்வாக உட்கார்ந்தது.

மனைவி சாவியைத் திருகினாள். கார் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றே கிளட்சை விட்டு அணைத்தாள். மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி அணைத்தாள். நான்கு தடவை அணைத்து, நான்கு தடவை எழுப்பினாள். பிறகு இறங்கிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஷட்டரை அவளே இறக்கினாள். அது சத்தமே போடாமல் இறங்கியது. எண்ணெயின் காரணம் அப்போது புரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டினாள்.

மேலிருந்து மாமனாரின் குரல் வந்தது: "ராக்கோழி கிளம்பியாச்சா?"

"போகலப்பா," என்றாள்.

தினமும் அந்த நேரத்தில் அவன் திரும்புகிற தெருமுனை காலியாக இருந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அவன் படிக்கட்டுக் கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மேட்டுல ஓட்டிப் பாக்கணும். பக்கத்து சீட்டுல முழிச்ச கண்ணோட ஒரு ஆள் வேணும். தூங்கி வழிஞ்சா இறக்கி விட்டுடுவேன்," என்றாள். "வா உள்ள."

அவன் உள்ளே நுழைந்து முதல் படியில் கால் வைத்தான். அவனுக்குப் பின்னால் அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பூட்டில் சாவியை இரண்டு சுற்றுத் திருகி, கையோடு எடுத்துக்கொண்டாள்.